தார்ன்பெக் மாடுகளின் காதில்

ஜனவரி 13, 2001. சனி

அட்டை மாடு பேசியது. பேச வைத்தவள் நான். மாட்டால் மாட்டிக்கொண்டவளும் நானே.

எங்கள் ரிச்சர்ட்சன் தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழா. வாடகைக்கு எடுத்த ஸ்கூல் கேஃபடீரியாவுக்குள் உயிருள்ள மாட்டை விடமாட்டார்கள். அதனால் வருஷா வருஷம் ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியை வெட்டி ஒரு மாடு செய்து, பெயின்ட் அடித்து, மாலை போட்டு நிறுத்துவார்கள். பிள்ளைகள் வரிசையில் வந்து பொட்டு வைப்பார்கள். நான் செய்ததெல்லாம், தம்பி சபரியின் வாக்கி டாக்கியில் ஒன்றை மாட்டின் வயிற்றில் வைத்துவிட்டு இன்னொன்றோடு துடைப்பங்கள் வைக்கும் அறையில் உட்கார்ந்ததுதான். "காதுகிட்ட வந்து ரகசியம் சொல்லு. பதில் சொல்றேன்" என்றேன், மாட்டுக்குரலில்.

ஐந்து வயசு தீக்ஷா "ஆர் யூ ஹங்ரி?" என்று கேட்டாள். "சர்க்கரைப் பொங்கல் ரெண்டு கரண்டி" என்றேன். அவள் நிஜமாகவே கொண்டுவந்து ஊட்டிவிட்டாள். நெய்யில் ஊறி அட்டை மாட்டின் தாடை கழன்று விழுந்தது. குழந்தை ஒரே அழுகை.

சங்கச் செயலாளர் சிவராமகிருஷ்ணன் அங்கிள் என்னைத் துடைப்பங்களோடு கண்டுபிடித்தார். "சாமி விஷயத்துல விளையாட்டா ரோஷினி? இதான் நீ குட்டிப் பசங்களுக்கு கத்துக்குடுக்கற கல்ச்சரா?"

அம்மா காரில் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். ஃப்ரீவேயை விட்டு இறங்கியதும் கேட்டாள்: "மாடு வேற என்னடி சொல்லுச்சு?" தோள் குலுங்குகிறது. சிரிக்கிறாள்! அப்பா மட்டும் "அவளுக்கு நீயே எடங்குடு வசந்தா" என்றார்.

(இதை ஏன் தமிழில் எழுதுகிறேன்? சபரிக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. உலகத்திலேயே மலிவான பூட்டு.)

ஜனவரி 17. புதன்

ஜியாகிரஃபியில் மிஸ் ட்ரெவினோ ஒரு புராஜெக்ட் கொடுத்தார். ஆளுக்கொரு வெளிநாட்டு ஊர், அங்கே ஈமெயில் எழுத ஒரு பார்ட்னர். "அந்த ஊரின் நில அமைப்பையும் குணத்தையும்" பற்றி மார்ச்சில் வகுப்பில் பேச வேண்டும்.

"ஊருக்குக் குணமா மிஸ்? கோபம் வந்தா கத்துமா?" என்றேன்.

"அதைத்தான் நீ கண்டுபிடிக்கப்போகிறாய்" என்றார். நான் அடித்த பந்து எனக்கே திரும்பி வந்தது.

சீட்டுக் குலுக்கலில் மற்றவர்களுக்கு ஹவாய், கென்யா. எனக்கு விழுந்தது தார்ன்பெக். இங்கிலாந்தின் வடக்கே ஒரு விவசாயக் கிராமம். முப்பத்தொரு வீடுகள்! எங்கள் அபார்ட்மென்ட் காம்ப்ளெக்ஸின் ஒரு பில்டிங்கிலேயே நாற்பது. பார்ட்னரின் பெயர் டில்லி. இங்கிலாந்தில் ஒரு டில்லி. சென்னையும் கிடைத்தால் இந்தியாவை முடித்துவிடலாம்.

ஜனவரி 23. செவ்வாய்

டில்லியின் முதல் கடிதம். நீளமானது. அவளும் என் வயதுதான், அப்பாவுக்கு அறுபத்திரண்டு பசுக்கள். அவள் எழுதியதிலிருந்து நோட்ஸ்:

சுற்றிலும் குன்று. மரம் இல்லாத, மொட்டைத் தலைக் குன்று. அதன் மேலே கோடு கோடாகக் கல் சுவர்கள். சிமென்ட் கிடையாது, கல்மேல் கல், இருநூறு வருஷமாக நிற்கிறது. நடுவில் ஓர் ஓடை, ஒரு சர்ச், ஒரு பப். மழை. பிறகு மழை. நவம்பர் முதல் ஏப்ரல் வரை மாடுகள் கொட்டகைக்குள்தான்.

ஊருக்குள் வரும் பாதையில் ஒரு வண்டிதான் போகலாம். எதிரும் புதிருமாக இரண்டு வந்துவிட்டால் யார் ரிவர்ஸ் எடுக்க வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியுமாம். யாரும் யாருக்கும் சொல்லித்தந்ததில்லையாம். எப்படி? எனக்குப் புரியவில்லை. இங்கே நாலு ஸ்டாப் சைன் வைத்தும் ஆன்ட்டிகள் சண்டை போடுகிறார்கள்.

இன்னொன்று. அந்த ஊரில் எதைக் கேட்டாலும் "மோசமில்லை" என்பார்களாம். கல்யாணச் சாப்பாடு? மோசமில்லை. முதுகு ஆபரேஷன்? மோசமில்லை. டில்லி பிறந்ததும் அவள் அப்பா எட்டிப் பார்த்துவிட்டு "மோசமில்லை" என்றாராம்.

கடைசியில் கேட்டிருந்தாள்: உங்கள் ஊரில் மாடுகளுக்குப் பண்டிகை உண்டாமே, என்ன செய்வீர்கள்?

நான் பத்து வயசில் திருப்பூரை விட்டு வந்தவள். மாட்டுப் பொங்கல் என்றால் எனக்கு அட்டை மாடுதான். ஆனால் கை சும்மா இருக்குமா? எழுதினேன்: "பொங்கல் முடிந்த பத்து நாளைக்குள் ஒவ்வொரு மாட்டின் காதிலும் ஒரு ரகசியம் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டுப் பதில் வரும்வரை நிற்க வேண்டும். மூவாயிரம் வருஷத்து வழக்கம்."

பத்து நாள் என்றாலும் வழக்கம்தான். பத்து நாள் பழைய வழக்கம்.

ஜனவரி 26. வெள்ளி

ஐயோ. செய்துவிட்டார்கள்!

டில்லி விளையாட்டாகத்தான் சாப்பாட்டு மேஜையில் சொன்னாளாம். அவள் அப்பா டாம் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனாராம். மறுநாள் பால் கறந்து முடித்ததும் முதல் மாட்டின் காதருகே போய்க் குனிந்தாராம். பிறகு அடுத்தது. அறுபத்திரண்டும். ஒவ்வொன்றிடமும் கொஞ்சம் நின்றாராம். "அப்பா ஒரு நாளில் பன்னிரண்டு வார்த்தை பேசுகிறவர். என்ன சொன்னார் என்று கேட்டேன். 'அது எனக்கும் அதுகளுக்கும்' என்றார்." எப்படி இருந்தது என்றதற்கு? மோசமில்லை.

விழுந்து விழுந்து சிரித்தேன். அப்புறம் சிரிப்பு எங்கேயோ நின்றுவிட்டது. ஏனென்று தெரியவில்லை. பெரிய மனுஷர் ஒருவர், குளிரில், அறுபத்திரண்டு தடவை குனிந்து... நான் சொன்ன பொய்க்காக. இதில் யார் முட்டாள்? அவரா, நானா?

சொல்லிவிடலாமா? நாளைக்கு.

பிப்ரவரி 3. சனி

சொல்லவில்லை. ஜோக்கை விளக்குவது மகா பாவம்.

டில்லி அவர்கள் ஊர் வழக்கம் ஒன்றை எழுதியிருக்கிறாள். கல் சுவர்களின் அடியில் அங்கங்கே ஒரு சதுர ஓட்டை விட்டிருப்பார்களாம். பிறந்தநாளன்று அதற்குள் ஒரு பக்கம் தவழ்ந்து புகுந்து மறுபக்கம் வர வேண்டுமாம். பெரியவர்களும்! அவள் அப்பா நாற்பதாவது பிறந்தநாளில் நடுவில் சிக்கி, நாலு பேர் காலைப் பிடித்து இழுத்தார்களாம்.

ஊரின் குணம் கிடைத்துவிட்டது. புராஜெக்ட் முடிந்த மாதிரிதான்.

பிப்ரவரி 24. சனி

என் பதினைந்தாவது பிறந்தநாள். வீட்டில் கல் சுவர் இல்லை. அபார்ட்மென்டுக்குப் பின்னால் மரவேலியில் நாய் தோண்டிய ஒரு பள்ளம் உண்டு. அதில் புகுந்தேன். புது சுடிதார் ஆணியில் மாட்டி முழங்கை நீளத்துக்குக் கிழிந்தது. சபரி "வாட் இஸ் ராங் வித் யூ?" என்று கேட்டுக்கொண்டே போட்டோ எடுத்தான்.

அம்மா: "அறிவு கெட்டவளே, பொறந்தநாளும் அதுவுமா எவளாவது வேலியில நுழைவாளா?"

"இங்கிலாந்துல நுழைவாங்கம்மா."

"அப்ப அங்கயே போய் கிழிச்சுக்க."

போட்டோவை டில்லிக்கு அனுப்பிவிட்டேன்.

மார்ச் 3. சனி

டில்லியின் கடிதம் சின்னது. மாடுகளுக்கு ஏதோ நோய் பரவுகிறதாம். பாதைகளையெல்லாம் மூடிவிட்டார்களாம். வாசலில் கிருமி கொல்லும் மருந்து ஊற்றிய வைக்கோல், அதைத் தாண்டி யாரும் வருவதில்லை, போவதில்லை. அவள் ஸ்கூலுக்கும் போகவில்லை. "எங்களுடையவை நன்றாக இருக்கின்றன." போட்டோ பற்றி ஒரு வார்த்தை இல்லை.

டிவி செய்தியிலும் காட்டினார்கள். மாட்டுக்கு வாயில் புண், குளம்பில் புண். ஒன்றுக்கு வந்தால் மொத்த மந்தையையும் சுட்டுவிடுகிறார்களாம். அம்மா சப்பாத்திக் கட்டையோடு வந்து நின்று பார்த்தாள்.

"இது கோமாரிதான? இதுக்கா சுடறாங்க?"

"பரவுமாம்மா."

"பரவத்தான் செய்யும். வாய்க்கு மஞ்சளும் உப்பும், காலுக்கு வேப்பெண்ணெய். பத்து நாள் பட்டினி கெடந்துட்டு எந்திரிச்சுக்கும். எங்க தோட்டத்துல எத்தன தடவ வந்து போயிருக்குது! அந்தப் புள்ளைக்கு எழுது கண்ணு. எழுதறயா?"

எழுதினேன். மஞ்சளுக்கும் வேப்பெண்ணெய்க்கும் அளவு கேட்டு, அம்மா சொன்னபடியே.

மார்ச் 9. வெள்ளி

இன்று பேசினேன். மொட்டைக் குன்று, யார் ரிவர்ஸ் எடுப்பது, மோசமில்லை, எல்லாம். ஓட்டையில் சிக்கிய டாமைச் சொன்னதும் வகுப்பே உருண்டது. என் கிழிந்த சுடிதாரையும் காட்டினேன். ஏ கிரேடு. மிஸ் ட்ரெவினோ கண்ணைத் துடைத்துக்கொண்டு "அந்த ஊரில் நீ வாழ்ந்துவிட்டாய்" என்றார்.

வீட்டுக்கு வந்தால் டில்லியின் பதில். மாட்டுக்கு மருந்து கொடுக்க அங்கே அனுமதி கிடையாதாம். "அம்மாவின் குறிப்பை அப்பா இரண்டு முறை படித்தார். 'மருந்து இருக்கலாம். அதற்கு முன்னால் சட்டம் இருக்கிறது' என்றார். உன் அம்மாவுக்கு நன்றி சொல்லச் சொன்னார்."

ஒரே நோய். ஓர் ஊரில் மஞ்சள், ஓர் ஊரில் துப்பாக்கி. எது சரி? அப்பாவிடம் கேட்டேன். அவர் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. "ஒண்ணா செஞ்ச லாட்ல ஒண்ணு போச்சுன்னா மொத்த லாட்டையும் தூக்கிருவோம் பாப்பா. ஒவ்வொண்ணா பார்த்துட்டிருக்க முடியாது" என்றார். சொல்லிவிட்டு, "ஆனா அது சர்க்யூட் போர்டு" என்றார்.

மார்ச் 27. செவ்வாய்

அடுத்த பண்ணையில் வந்துவிட்டது.

டில்லியின் மாடுகளுக்கு ஒன்றுமில்லை. ஒரு புண்கூட இல்லை. ஆனால் பக்கத்தில் வந்தால் இவையும் போக வேண்டும் என்பது விதியாம். வியாழக்கிழமை ஆட்கள் வருகிறார்கள். அறுபத்திரண்டும்.

கடைசி வரியை அப்படியே இங்கே எழுதிவைக்கிறேன், தமிழில்: "ரோஷினி, உங்களிடம் மூவாயிரம் வருஷத்து வழக்கங்கள் இருக்கின்றன. மாடுகளை அனுப்பும்போது என்ன செய்ய வேண்டும், என்ன சொல்ல வேண்டும் என்று ஏதாவது உண்டா? அப்பா கேட்கவில்லை. நான்தான் கேட்கிறேன். ஆனால் அவர் ராத்திரியெல்லாம் கொட்டகையிலேயே நிற்கிறார்."

என்னிடமா கேட்கிறாள்? துடைப்ப அறையில் உட்கார்ந்து மாட்டுக்குரலில் பேசியவளிடமா?

இன்னொன்று கட்டிவிடலாம். அஞ்சு நிமிஷ வேலை. அழகாகவே வரும். அதுதான் பயமாக இருக்கிறது. இல்லை, உண்மையைச் சொல்வதா? "அந்தக் காது விஷயமே பொய் டில்லி, உங்கப்பா சும்மா குனிஞ்சாரு"ன்னு இப்பவா சொல்றது? நாளன்னிக்கு சுடப்போறாங்க. இப்பவா? என்ன பண்றதுன்னே தெரியல.

மார்ச் 28. புதன்

விடியற்காலையில் அம்மாவை எழுப்பி எல்லாவற்றையும் சொன்னேன். அட்டை மாட்டிலிருந்து. திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. அது இன்னும் மோசம்.

"இப்பச் சொன்னீன்னா உனக்கு பாரம் எறங்கிரும். அந்தாளுக்கு ஏறிரும். அப்பறமா சொல்லு. ஆனா சொல்லோணும்."

"நிஜமாவே ஏதாவது இருக்காம்மா? மாட்ட அனுப்பறப்போ?"

அம்மா காபி ஆறும்வரை யோசித்தாள். அவள் அப்பாவை அவள் அய்யன் என்பாள். "மாட்ட விக்கறப்ப எங்கய்யன் கயித்தக் குடுக்கமாட்டாரு. வாங்கறவன் புதுக் கயிறு கொண்டாந்து மாட்டிக்கோணும். நம்ம கயித்த அவுத்து, ஊட்டுக்குள்ள கொண்டாந்து ஆணியில மாட்டீருவாரு. மாடுதான் போகுது, மாட்டுப்பட்டி போகலன்னு அர்த்தம்."

"வேற?"

"வேற என்ன? அன்னிக்கு சோறு எறங்காது. அது வழக்கமில்ல."

ஸ்கூல் பஸ் வருவதற்குள் டைப் செய்தேன். கயிறு, ஆணி, பட்டி. சோறு இறங்காததையும். கீழே எழுதினேன்: "இது நிஜம். என் அம்மா வீட்டில் செய்தது." அனுப்பிவிட்டேன்.

மார்ச் 29. வியாழன்

இங்கே காலை ஆறு என்றால் அங்கே மதியம். பால்ல போட்ட சீரியல் எறங்கல.

மார்ச் 31. சனி

டில்லி:

"முடிந்தது. எல்லாம் நாலு மணி நேரத்தில். எங்கள் மாடுகளுக்குக் கழுத்தில் கயிறு கிடையாது. கண்காட்சிக்குக் கூட்டிப்போகும் ஒரே ஒரு கயிறு உண்டு. அது பிராம்பிளுடையது, எங்கள் மூத்த பசு. அப்பா அதை மருந்து வாளியில் மூன்று முறை முக்கி, அரசாங்கத்திலிருந்து வந்த வெள்ளை உடுப்புக்காரரிடம் காட்டினார். அது எதற்கு என்றார் அவர். 'வழக்கம்' என்றார் அப்பா. கொட்டகை ஆணியில் இருக்கிறது. இரவு, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் மோசமில்லை என்று சொல்லவில்லை. இதுவே முதல் முறை.

'இது நிஜம்' என்று எழுதியிருக்கிறாய். அப்படியென்றால் எது நிஜமில்லை?"

இரண்டே வார்த்தை. நானே மாட்டிக்கொண்டேன். சிவராமகிருஷ்ணன் அங்கிள்கூடத் தேவைப்படவில்லை.

ஏப்ரல் 1. ஞாயிறு

போன வருஷம் இதே நாளில் சபரியின் ஷாம்பூவில் தேன் ஊற்றினேன். இன்று அவன் காலையிலிருந்து பயந்து பயந்து கதவைத் திறக்கிறான். ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் இன்னும் பயப்படுகிறான்.

டில்லிக்கு எல்லாவற்றையும் எழுதி வைத்துவிட்டேன். அட்டை மாடு, வாக்கி டாக்கி, மூவாயிரம் வருஷம். மன்னிப்பு நாலு இடத்தில். ஆனால் இன்றைய தேதி! இதையும் ஏப்ரல் ஃபூல் என்று நினைத்துவிட்டால்? ஊரே பொய் சொல்லும் நாளில் உண்மையை அனுப்பினால் அது என்ன ஆகும்?

நாளைக்கு அனுப்புகிறேன். இந்தத் தடவை நாளை என்றால் நாளைதான்.

ஏப்ரல் 2. திங்கள்

அனுப்பினேன்.

ஏப்ரல் 20. வெள்ளி

பதில் இல்லை.

மே 23. புதன்

ஸ்கூல் முடிகிறது. மிஸ் ட்ரெவினோ "உன் தார்ன்பெக் எப்படி இருக்கிறது?" என்று கேட்டார். மோசமில்லை என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லாதது போல் இருந்தது.

தெரியவில்லை என்றேன்.

ஜூலை 14. சனி

கொட்டகையில் இப்போது எதன் சத்தம் கேட்கும்? எனக்கு ஏன் இந்த யோசனை? நான் அந்த ஊரைப் பார்த்ததுகூட இல்லை.

செப்டம்பர் 13. வியாழன்

நியூயார்க்கில் கோபுரங்கள் விழுந்ததிலிருந்து ரெண்டு நாளாக டிவி அணையவே இல்லை. நேற்று அப்பா எங்களை வெளியே விடவில்லை.

இன்று டில்லியிடமிருந்து ஒரு வரி. ஐந்து மாதத்துக்குப் பிறகு. "நியூயார்க் உங்களிடமிருந்து எவ்வளவு தூரம்? நன்றாக இருக்கிறாயா?"

"ஆயிரத்தைந்நூறு மைல். நன்றாக இருக்கிறோம். நீங்கள்?" என்றேன். அதற்குப் பதில் வரவில்லை. மன்னித்துவிட்டாளா, செத்துவிட்டேனா என்று மட்டும் பார்த்தாளா? அம்மாவிடம் கேட்டேன். "கேட்டாளல்ல? அது போதும்" என்றாள். போதுமா?

டிசம்பர் 8. சனி

தபாலில் ஒரு கவர். நிஜத் தபால், ஸ்டாம்பு ஒட்டியது. உள்ளே ஒரு போட்டோவும் டில்லியின் கடிதமும். கையெழுத்து, நான் நினைத்ததைவிடக் கிறுக்கல்.

போட்டோவில் ஒரு கல் சுவர். அடியில் சதுர ஓட்டை. அதன் வழியாக ஓர் ஆட்டுத் தலை எட்டிப் பார்க்கிறது.

"ரோஷினி, இந்த ஓட்டை ஆடுகள் போய்வருவதற்கு. பிறந்தநாளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எங்கள் ஊரில் ஒருவரும் இதில் நுழைந்ததில்லை, அப்பா உட்பட. மூவாயிரம் வருஷம் என்றதுமே எனக்குச் சந்தேகம். பதிலுக்கு நானும் ஒன்று விட்டேன். நீ கிழிந்த உடையோடு போட்டோ அனுப்பியதும் சொல்லலாம் என்றிருந்தேன். அதற்குள் பாதையை மூடிவிட்டார்கள். மார்ச்சில் உன்னிடம் கேட்டபோது, உன் வழக்கம் நிஜமாக இருந்துவிடாதா என்றுதான் இருந்தது. ஏப்ரலில் உன் கடிதம் வந்தபோது ரொம்பக் கோபம். உன்மேலா, எல்லார்மேலுமா, தெரியவில்லை. அப்புறம் கோபம் தீர்ந்தது, என்ன எழுதுவதென்று தெரியவில்லை."

படித்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தேன். ஒரு வகுப்புக்கே நின்று சொன்னேனே! ஏ கிரேடு வாங்கினேனே! என் சுடிதார்! இந்த ரிச்சர்ட்சனில் என்னை ஏமாற்ற ஆளில்லை என்று திரிந்தவளை, முப்பத்தொரு வீட்டு ஊரிலிருந்து ஒருத்தி வேலிக்குள் நுழைய வைத்திருக்கிறாள். சிரிப்பா, அழுகையா, ரெண்டும் ஒரே மூக்கில் வந்தது. சபரி "ஆர் யூ ஓகே?" என்றான். தெரியலடா.

கடிதத்தின் கடைசிப் பக்கம்: "கொட்டகையை எத்தனை தடவை கழுவினோம் என்று கணக்கில்லை. அப்பா வீட்டு ஜன்னலில் நின்றாலும் அந்தப் பக்கம் திரும்பியதேயில்லை. போன புதன்கிழமை பதினொரு இளம் பசுக்கள் வந்தன. ஒன்றுக்கும் எங்கள் வாசம் தெரியாது, எல்லாம் மிரண்டு நிற்கின்றன. அப்பா ஒவ்வொன்றின் காதருகேயும் போய்க் குனிந்தார். 'அப்பா, அது அந்தப் பெண் கட்டிய கதை' என்றேன். 'ஜனவரியிலேயே தெரியும். பிராம்பிள் பதில் சொல்லவில்லையே' என்றார். பிறகு அடுத்ததன் காதுக்குப் போனார். கயிறு அதே ஆணியில் இருக்கிறது.

புது மாடு வீட்டுக்கு வரும்போது உங்கள் ஊரில் என்ன செய்வீர்கள்? தெரிந்தால் எழுது. கொட்டகை எப்படி இருக்கிறது என்று நேற்று அப்பாவைக் கேட்டேன். என்ன சொன்னார் என்று உனக்கே தெரியும்."

பேனாவை எடுத்துவிட்டேன். தலைக்குள் மூன்று வழக்கங்கள் தயார். மூன்றும் பிரமாதமானவை. ஒன்றில் யானைகூட வருகிறது.

மூடியைப் போட்டுவிட்டேன். அம்மா கடைக்குப் போயிருக்கிறாள். வரட்டும். கேட்டுக்கொண்டு எழுதுகிறேன்.